புல் வெட்டும் மிஷின் மக்கர் செய்தால்: அறிகுறியைப் பார்த்துப் பழுதைப் பிடிக்கும் வழி

கடலூர் மஞ்சக்குப்பத்தில் மோட்டார் காயில் கட்டும் பட்டறை வைத்திருக்கிறேன். முன்பெல்லாம் என்னிடம் வந்தவை தண்ணீர் மோட்டாரும் கிரைண்டரும்தான். இப்போது காலாப்பட்டில் இருந்து தவளக்குப்பம் வரை கடலோரத்து விடுதிகளும் புது வீடுகளும் வாசலில் கொரியன் புல் போட்டுவிட்டன. தை, மாசியில் பட்டறை வாசலில் கரண்ட்டில் ஓடும் புல்வெட்டி நாலைந்தாவது நிற்கும்.

அப்படி வருவதில் பாதிக்கு மேல் மிஷினில் கோளாறே இருக்காது. வயரில் இருக்கும், பிளக்கில் இருக்கும், வராண்டாவில் உள்ள சாக்கெட்டில் இருக்கும். ஆட்டோ வைத்து மிஷினைத் தூக்கி வந்தவரிடம் இதைச் சொல்லும்போது எனக்கே சங்கடமாக இருக்கும். மிச்சப் பாதியில், வீட்டிலேயே திறந்து பார்த்துச் சின்னப் பழுதைப் பெரிதாக்கியவை சில; ஆளுக்கே ஆபத்தாகி வந்தவை சில. அதனால்தான் இதை எழுதுகிறேன். உங்கள் மிஷினில் தெரியும் அறிகுறி எந்தத் தலைப்பில் இருக்கிறதோ அங்கே நேராகப் போய்விடுங்கள். அடுத்துவரும் பகுதியை மட்டும் எல்லாரும் படியுங்கள்.

## எதைத் தொடுவதற்கும் முன்னால்

பிளக்கைப் பிடுங்குங்கள். ஸ்விட்சை அணைத்தால் போதாது. பழைய வீடுகளில் வயரிங் செய்தவர் பேஸ் வயருக்குப் பதில் நியூட்ரலை ஸ்விட்ச் வழியே விட்டிருப்பார். ஸ்விட்ச் அணைந்திருக்கும், மிஷின் ஓடாது, ஆனால் உள்ளே கரண்ட் அப்படியே இருக்கும். இந்த மாதிரிப் போர்டுகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பிளக் வெளியே வந்து, அதன் முனை உங்கள் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் கிடக்க வேண்டும். அப்போதுதான் வேறு யாரும் தெரியாமல் சொருக மாட்டார்கள். பேட்டரி மிஷின் என்றால் பேட்டரியைக் கழற்றித் தனியே வையுங்கள். பாதுகாப்புச் சாவி இருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள்.

பிளேடு உடனே நிற்காது. பிடியை விட்ட பிறகும் சில நொடிகள் சுற்றும். முழுதாக நிற்கும் வரை கையைக் கொண்டுபோகாதீர்கள்.

அப்புறம் அந்தப் பிடி. கைப்பிடியில் உள்ள நெம்பை விட்டதும் மோட்டார் நிற்கும்படிதான் மிஷினைச் செய்திருக்கிறார்கள். கை வலிக்கிறது என்று சைக்கிள் டியூபை வெட்டி அதை இறுக்கிக் கட்டிவிடுகிறார்கள். வெட்டிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போகும். என்ன ஆச்சு என்று மிஷினைச் சாய்த்து அடியில் கை விடுவார்கள். அந்த நேரத்தில் கரண்ட் வந்தால் விரல் இருக்காது. அப்படிக் கட்டிய மிஷின் பட்டறைக்கு வந்தால் முதல் வேலையாக அந்தக் கட்டை அறுத்துவிட்டுத்தான் மற்றதைப் பார்ப்பேன்.

## கையில் ஷாக் அடிக்கிறது, அல்லது ஜிவ்வென்று இருக்கிறது

லேசாகத்தான் அடிக்கிறது என்று தொடர்ந்து வெட்டாதீர்கள். காய்ந்த தரையில் செருப்புப் போட்டிருக்கும்போது ஜிவ்வென்று இருப்பதுதான், மறுநாள் ஈரப் புல்லில் வெறுங்காலோடு நிற்கும்போது ஆளைத் தூக்கி எறிவது. மிஷினை அப்படியே விட்டுவிட்டு, சுவரில் உள்ள ஸ்விட்சை அணைத்துப் பிளக்கைப் பிடுங்குங்கள். ஈரக்கையோடு பிளக்கைத் தொட வேண்டாம்.

புல்லோ மிஷினோ ஈரமாக இருந்ததா? பனி காயாத காலையிலும் மழை விட்ட உடனும் வெட்டினால் ஸ்விட்ச் பெட்டிக்குள் ஈரம் இறங்கும். நிழலில் இரண்டு நாள் காயவிடுங்கள். ஆனால் காய்ந்த பிறகு ஷாக் அடிக்கவில்லை என்பதை மட்டும் வைத்துச் சரியாகிவிட்டது என்று முடிவு செய்யாதீர்கள். ஒருமுறை மெகர் (காப்பை, அதாவது இன்சுலேஷனை அளக்கும் கருவி) வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஐந்து நிமிட வேலை அது.

வயரில் காயம் இருக்கிறதா? பிளக்கைப் பிடுங்கியபடி வயர் முழுவதையும் உள்ளங்கையில் பிடித்து உருவிக்கொண்டே போங்கள். கண்ணுக்குத் தப்பும் கீறல் கைக்குத் தப்பாது. டேப் சுற்றிய இடம் ஒன்று இருந்தால்கூட அந்த வயர் புல்வெளிக்கு ஆகாது. அரியாங்குப்பம் பக்கம் ஒரு வீட்டில் தோட்ட வேலை பார்த்தவர் டேப் சுற்றிய இணைப்பை ஈரப் புல்லில் இழுத்துப் போகும்போது ஷாக் அடித்து விழுந்தார். அவர் பிழைத்ததற்குக் காரணம், அவர் மனைவி பக்கத்தில் நின்று ஸ்விட்சை அணைத்ததுதான். அந்த வயர் இன்றும் என் பட்டறையில் தொங்குகிறது, வருகிறவர்களுக்குக் காட்டுவதற்காக.

எர்த் இருக்கிறதா? மிஷினின் பெயர்த் தகட்டைப் பாருங்கள். ஒரு சதுரத்துக்குள் இன்னொரு சதுரம் இருந்தால் அது இரட்டைக் காப்பு உள்ள மிஷின். அதற்கு எர்த் தேவையில்லை, இரண்டு வயர்தான் வரும். அந்தக் குறி இல்லாமல் இரும்பு உடலாக இருந்தால் மூன்று பின் பிளக் கட்டாயம். மூன்று பின்னை வெட்டி இரண்டு பின்னாக்கி வைத்திருந்தால் அதுவே காரணமாக இருக்கலாம்.

புதுச்சேரியில் எனக்கு அடிக்கடி வரும் ஒரு விஷயத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பிரான்சில் இருக்கும் பிள்ளைகள் அங்கிருந்து மிஷின் அனுப்புகிறார்கள். அங்கேயும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்தான். மோட்டாருக்குப் பிரச்சினை இல்லை. பிளக்தான் பிரச்சினை. அந்த ஊர் சாக்கெட்டில் எர்த் பின் சாக்கெட்டிலேயே நீட்டிக்கொண்டிருக்கும். பிளக்கில் அதற்கு ஓட்டை மட்டும் இருக்கும். நம்மூர் சாக்கெட்டில் அந்தப் பின் இல்லை. ஆக, எர்த் தேவைப்படும் மிஷினாக இருந்தால் எர்த்தே கிடைக்காமல் ஓடும். பின் தடிமனும் நம்முடையதை விடக் கொஞ்சம் குறைவு. லொடலொடவென்று நின்று சூடாகும். கன்வெர்ட்டர் பிளக்கை நம்பாமல், எலக்ட்ரீஷியனிடம் கொடுத்து நம்மூர் 16 ஆம்பியர் பிளக் மாட்டிக்கொள்ளுங்கள். அந்த வயரில் பழுப்பு நிறம் பேஸ், நீலம் நியூட்ரல், பச்சையும் மஞ்சளும் கலந்தது எர்த். பழைய நம்மூர் வழக்கமான சிவப்பு, கருப்பு, பச்சையோடு குழப்பிக்கொள்ளக் கூடாது.

இதெல்லாம் சரியாக இருந்தும் ஷாக் அடிக்கிறதா? மோட்டார் காயிலின் காப்பு போயிருக்கிறது. அதை வீட்டில் பார்க்க முடியாது, பட்டறைக்குக் கொண்டுவாருங்கள். வீட்டு எர்த்தே கெட்டிருந்தால் வாஷிங் மிஷின், பிரிட்ஜ் மேலும் ஜிவ்வென்று இருக்கும். அப்படியானால் முதலில் எலக்ட்ரீஷியன்தான் வர வேண்டும், மிஷினை அப்புறம் பார்க்கலாம்.

யாரையாவது ஷாக் பிடித்துக்கொண்டால் அவரைத் தொட்டு இழுக்காதீர்கள். மெயினை அணையுங்கள். அது தூரமாக இருந்தால் காய்ந்த மரக்கட்டையாலோ பிளாஸ்டிக் நாற்காலியாலோ வயரிலிருந்து விலக்குங்கள். 108-ஐக் கூப்பிடுங்கள். மூச்சு இல்லையென்றால் நெஞ்சின் நடுவில் அழுத்திக்கொண்டே இருங்கள், ஆம்புலன்ஸ் வரும் வரை. எழுந்து நன்றாக உட்கார்ந்துவிட்டாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும். இதயத் துடிப்பின் கோளாறு பிறகும் காட்டலாம்.

## டிரிப் ஆகிறது

எது விழுகிறது என்று முதலில் பாருங்கள். டெஸ்ட் பட்டன் உள்ள அகலமான ஸ்விட்ச் விழுந்தால் அது ஆர்சிசிபி; கரண்ட் எங்கோ கசிகிறது என்று பொருள். ஒல்லியான ஒற்றை ஸ்விட்ச் விழுந்தால் எம்சிபி. சுமை கூடிவிட்டது, அல்லது ஷார்ட்.

ஆர்சிசிபி விழுந்தால், அது விழும் நேரமே காரணத்தைச் சொல்லிவிடும். மிஷினைச் சேர்க்காமல் எக்ஸ்டென்ஷன் வயரை மட்டும் சொருகும்போதே விழுந்தால் வயரில் கசிவு. மிஷினைச் சேர்த்தவுடன், நெம்பை அழுத்துவதற்கு முன்பே விழுந்தால் மிஷினின் சொந்த வயரிலோ ஸ்விட்ச் பெட்டியிலோ கோளாறு. நெம்பை அழுத்தும்போது விழுந்தால் மோட்டார். பத்து நிமிடம் ஓடிச் சூடான பிறகு விழுந்தால் பெரும்பாலும் ஈரமோ, மோட்டாருக்குள் படிந்த கார்பன் தூளோ. மிஷினே இல்லாமல் மழை பெய்தால் மட்டும் விழுகிறதென்றால் வீட்டு வயரிங்கைப் பார்க்க வேண்டும்.

முதல் வகை என்றால் வயரை மாற்றுங்கள், அதோடு முடிந்தது. மற்றவை பட்டறை வேலை. திரும்பத் திரும்பத் தூக்கிவிட்டு ஓட்டிப் பார்க்காதீர்கள். ஆர்சிசிபியை விட்டுவிட்டு நேராகக் கொடுத்துவிடுங்கள் என்று எலக்ட்ரீஷியனிடம் சொல்கிறவர்களை எனக்குத் தெரியும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். விழுவதுதான் அதன் வேலை.

வீட்டில் ஆர்சிசிபி இருக்கிறது என்பதோடு நிறுத்தாமல் அதன் மேல் எழுதியிருப்பதைப் படியுங்கள். ஆளைக் காப்பாற்ற 30 மில்லிஆம்பியர் இருக்க வேண்டும். 100, 300 என்று இருப்பவை தீ விபத்தைத் தடுக்கப் போடுபவை, மனிதனுக்குப் போதாது. மாதம் ஒருமுறை டெஸ்ட் பட்டனை அழுத்துங்கள். விழவில்லை என்றால் மாற்றிவிடுங்கள். உப்புக் காற்றில் அது உள்ளுக்குள் இறுகிப்போவதைப் பார்த்திருக்கிறேன்.

எம்சிபி விழுந்தால், அதே லைனில் வேறு என்ன ஓடுகிறது என்று பாருங்கள். 1600 வாட் மிஷின் ஏறக்குறைய 7 ஆம்பியர் இழுக்கும். கிளம்பும்போது அதை விட அதிகம். வராண்டா விளக்குக்குப் போட்ட 6 ஆம்பியர் எம்சிபி தாங்காது. இதற்குத் தீர்வு, அதே வயரில் பெரிய எம்சிபி போடுவதல்ல. அப்படிப் போட்டால் எம்சிபி விழாது, சுவருக்குள் வயர்தான் எரியும். அடுக்களையிலோ ஏசிக்கோ இருக்கும் 16 ஆம்பியர் பாயிண்ட்டில் இருந்து எடுங்கள். இன்னும் பழைய பியூஸ் கட்டை உள்ள வீடானால் தடித்த செம்புக் கம்பி சுற்றி ஓட்டாதீர்கள்.

## நெம்பை அழுத்தினால் சத்தமே இல்லை

அதிகம் வரும் புகார் இதுதான். இதில் காசே செலவில்லாமல் தீருவதும் அதிகம். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் அழுத்தும் முறை. கைப்பிடிப் பெட்டியில் உள்ள பட்டனை அழுத்திக்கொண்டே நெம்பை இழுக்க வேண்டும். இரண்டில் ஒன்றை மட்டும் செய்தால் ஓடாது. புதிதாக வேலைக்கு வந்தவருக்கு யாரும் இதைச் சொல்லியிருக்க மாட்டார்கள். சில மிஷின்களில் புல் கூடையோ பின்மூடியோ சரியாக உட்காராவிட்டாலும் ஓடாது.

அடுத்து சாக்கெட். டெஸ்டர் எரிகிறது, கரண்ட் இருக்கிறது என்று நம்பிவிடாதீர்கள். டெஸ்டர் பேஸை மட்டும்தான் காட்டும்; நியூட்ரல் அறுந்திருந்தாலும் எரியும். பல்பும் போதாது, லூஸ் இணைப்பிலும் பல்பு எரிந்துவிடும். நான் சொல்வது அயர்ன் பாக்ஸ். 1000 வாட் அயர்ன் பாக்ஸை எடுத்துவந்து, மிஷின் சொருகும் அதே எக்ஸ்டென்ஷன் முனையில் சொருகி ஐந்து நிமிடம் ஓடவிடுங்கள். அது சூடாகவே இல்லை என்றால் கரண்ட் வரவில்லை. சூடாகிறது என்றால், அணைத்துப் பிளக்கைப் பிடுங்கியதும் ஒவ்வொரு பிளக்கையும் சாக்கெட்டின் முகத்தையும் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். எங்கே சுடுகிறதோ அங்கேதான் பிடி லூஸாக இருக்கிறது. ஒரு பைசா செலவில்லாத சோதனை. நான் வீட்டுக்குப் போய்ப் பார்க்கும் இடத்தில் எல்லாம் இதைத்தான் முதலில் செய்வேன்.

அப்புறம் களிம்பு. நம் கடற்கரைக் காற்றில் பித்தளைப் பின்கள் பச்சை பூத்துவிடும். தேவனாம்பட்டினத்துப் பக்கம் வீடு இருந்தால் ஒரு மழைக்காலமே போதும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, நைஸான உப்புத்தாளால் பின்களைத் தேய்த்துப் பளபளப்பாக்குங்கள். சாக்கெட்டின் உள்ளே எதையும் விட்டுச் சுரண்டாதீர்கள். சாக்கெட் கறுத்திருந்தால் மாற்றுவதுதான் வழி. அது எலக்ட்ரீஷியன் வேலை.

அதற்கடுத்து வயர். எக்ஸ்டென்ஷன் வயர் அறுபடுவது நடுவில் அல்ல, பிளக் அருகே. மிஷினின் சொந்த வயர் அறுபடுவது கைப்பிடி மடங்கும் இடத்தில். சேமித்து வைக்க மடக்கி மடக்கி உள்ளே செம்பு முறிந்திருக்கும், வெளியே ரப்பர் நன்றாகவே தெரியும். மல்டிமீட்டர் இருந்தால், பிளக்கைப் பிடுங்கிய நிலையில், பீப் வைத்து இரு முனையும் பார்க்கலாம். பீப் வரும்போது வயரை மடக்கி ஆட்டுங்கள். விட்டு விட்டு வந்தால் அங்கேதான் முறிவு. மல்டிமீட்டர் இல்லையென்றால் நெல்லிக்குப்பம் சாலையில் போகும்போது எந்த மின்சாதனக் கடையிலும் கேட்டுப் பாருங்கள், சின்னதாக மலிவாகவே கிடைக்கிறது. தோட்டம் வைத்திருக்கும் வீட்டில் ஒன்று இருப்பது நல்லது.

வயரும் சாக்கெட்டும் சரி, மிஷின் மட்டும் ஓடவில்லை என்றால் ஸ்விட்ச் பெட்டி. நிறைய நாள் சும்மா கிடந்த மிஷினில் எறும்பு கூடு கட்டியிருக்கும். நான் திறந்த பெட்டிகளில் எறும்பும் அதன் முட்டையும் இல்லாதது குறைவு. ஸ்விட்ச் விலை சில நூறு ரூபாய்தான். ஆனால் உள்ளே வயர் மாற்றிப் பூட்டினால் நெம்பை விட்டாலும் நிற்காத மிஷினாகிவிடும். அதனால் இதை வேலை தெரிந்தவரிடம் விடுங்கள்.

கடைசியாக கார்பன் பிரஷ், மோட்டாரின் சுற்றும் பாகத்துக்குக் கரண்ட் கொண்டுபோகும் சின்னக் கரித்துண்டு. உங்கள் மோட்டார் மிக்ஸி மாதிரி கீச்சென்று கத்தும் ரகமென்றால் அதில் கார்பன் இருக்கும். தேய்ந்து 5 மி.மீ.க்குக் கீழே வந்திருந்தால் ஜோடியாக மாற்றுங்கள். ஒன்றை மட்டும் மாற்றாதீர்கள். வெளியில் மூடி உள்ள மிஷினில் இதை வீட்டிலேயே செய்யலாம். சில மிஷின்களில் உடலைப் பிரிக்க வேண்டிவரும், அப்படியானால் பட்டறைக்கு.

கார்பனும் நன்றாக இருந்து ஓடவில்லை என்றால் காயில் அறுந்திருக்கிறது. இதுதான் செலவு பிடிக்கும் இடம். கட்டுக்கூலியைக் கேட்டுவிட்டு, புது மிஷின் விலையில் பாதியைத் தாண்டினால் புதிதே வாங்கிக்கொள்ளுங்கள் என்று நானே சொல்லிவிடுவேன்.

இன்வெர்ட்டரில் ஓடவில்லை என்றால் பழுது எதுவும் இல்லை. வீட்டு இன்வெர்ட்டர் 850 முதல் 1000 வி.ஏ. வரைதான் இருக்கும். 1600 வாட் மிஷினைத் தாங்காது. கரண்ட் வரும் வரை காத்திருங்கள். தெருவே இருட்டாக இருந்தால் கடலூர்க்காரர்களுக்கு மின்வாரியப் புகார் மையமான மின்னகத்தின் 94987 94987 இருக்கிறது.

## உறுமுகிறது, பிளேடு சுற்றவில்லை

உடனே நெம்பை விடுங்கள். உறுமிக்கொண்டே அரை நிமிடம் நின்றாலும் காயில் கருகும்.

பிளக்கைப் பிடுங்கி, மிஷினைச் சாய்த்து, அடியைப் பாருங்கள். பெரும்பாலும் பிளேடுக்கும் உடலுக்கும் நடுவே ஈரப் புல் கட்டி இறுகியிருக்கும், அல்லது குரும்பையோ தென்னங்கீற்றின் ஈர்க்கோ சிக்கியிருக்கும். கையால் எடுக்காதீர்கள், மரக்குச்சியால் தள்ளுங்கள். தோல் கையுறை போட்டுக்கொண்டு பிளேடைச் சுற்றிப் பாருங்கள், தடையில்லாமல் சுற்ற வேண்டும்.

சுற்றுகிறது, ஆனால் கரண்ட் கொடுத்தால் உறுமல் மட்டும்தான் என்றால் வோல்டேஜ் குறைவாக இருக்கலாம். அடுத்த தலைப்பைப் பாருங்கள். வோல்டேஜும் சரி, சத்தம் குறைவான இண்டக்ஷன் மோட்டார் என்றால், அதைக் கிளப்பிவிடும் கப்பாசிட்டர் போயிருக்கும். விலை குறைந்த பாகம்தான். ஆனால் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதற்குள் கரண்ட் தேங்கி நிற்கும், தொட்டால் அடிக்கும். நீங்கள் கழற்ற வேண்டாம். பிளேடு கையாலேயே கரகரவென்று கடினமாகச் சுற்றினால் பேரிங் இறுகியிருக்கிறது. அதுவும் பட்டறை வேலைதான்.

## ஓடுகிறது, ஆனால் வலுவில்லை. அல்லது சூடாகித் தானே நிற்கிறது

மழைக்காலம் முடிந்து முதல் வெட்டில் எல்லார் வீட்டிலும் இது நடக்கும். ஐப்பசி, கார்த்திகையில் வெட்டாமல் விட்ட புல் முழங்கால் வரை வந்திருக்கும். ஒரே தடவையில் தரையோடு வெட்ட நினைத்தால் மோட்டார் திணறும். உயரத்தை மேலே வைத்து ஒரு வெட்டு, மூன்று நான்கு நாள் கழித்துக் கீழே இறக்கி இன்னொரு வெட்டு. ஒரு வெட்டில் புல்லின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்க வேண்டாம். புல்லுக்கும் அதுதான் நல்லது. அவ்வளவு உயரப் புல்லில் இறங்குவதற்கு முன் ஒரு நீளக் கழியால் தட்டிக்கொண்டே நடந்து பாருங்கள். வெள்ளம் வடிந்த பிறகு பாம்பு அங்கே ஒதுங்கியிருக்கும்.

தானே நின்றுவிட்டால் உள்ளே சூட்டுக்கான கட்அவுட் வேலை செய்கிறது. பிளக்கைப் பிடுங்கி அரை மணி நேரம் ஆறவிடுங்கள். காற்றுத் துளைகளில் அடைத்த புல்தூளை பெயிண்ட் பிரஷால் தட்டுங்கள். தண்ணீர்ப் பைப்பைக் காட்டிக் கழுவாதீர்கள்.

புல் குறைவு, துளையும் சுத்தம், இருந்தும் வலுவில்லை என்றால் வயரின் தடிமனைப் பாருங்கள். கடையில் சல்லிசாகக் கிடைக்கும் எக்ஸ்டென்ஷனில் முக்கால் ஸ்கொயர் (0.75 சதுர மி.மீ.) வயர் இருக்கும். 30 மீட்டர் நீளத்தில் அதுவே பத்து வோல்ட்டுக்கு மேல் தின்றுவிடும். சித்திரை, வைகாசியில் தெருவெல்லாம் ஏசி ஓடும் நேரத்தில் வோல்டேஜ் ஏற்கெனவே இறங்கியிருக்கும். இரண்டும் சேர்ந்தால் மோட்டார் திணறிச் சூடாகும். 30 மீட்டர் வரை ஒன்றரை ஸ்கொயர், 50 மீட்டர் வரை இரண்டரை ஸ்கொயர், ரப்பர் உறை போட்ட மூன்று கோர் வயர் வாங்குங்கள். உருளையில் சுற்றியது என்றால் முழுவதும் விரித்துவிட்டுத்தான் ஓட்ட வேண்டும். சுற்றியபடியே ஓட்டினால் சூடு வெளியேறாமல் உள்சுற்றுகள் உருகி ஒட்டிக்கொள்ளும். அப்படி ஒட்டிப்போன உருளைகளைப் பட்டறையில் பார்த்திருக்கிறேன்.

மிஷின் ஓடும்போது வோல்டேஜ் 200-க்குக் கீழே போனால் வேலையை நிறுத்தி, சாயங்காலம் சுமை கூடுமுன் இன்னொரு நாள் வெட்டுங்கள். வீட்டு விளக்கெல்லாம் ஒன்று பிரகாசமாகவும் ஒன்று மங்கலாகவும் மாறி மாறி எரிந்தால் நியூட்ரல் லூஸ். மெயினை அணைத்துவிட்டு மின்துறைக்குச் சொல்லுங்கள். அன்றைக்கு எதையும் ஓட்டக் கூடாது.

## அதிர்கிறது, கடகடவென்று சத்தம்

இன்னும் ஒரு வரிசை வெட்டி முடித்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். லூஸான பிளேடு கழன்று பறந்தால் கால் போய்விடும்.

பிளக்கைப் பிடுங்கி, கையுறை போட்டு, பிளேடு போல்ட்டைப் பாருங்கள். லூஸாக இருந்தால் இறுக்குங்கள். சில மிஷின்களில் போல்ட்டின் மறை தலைகீழாக இருக்கும், இடப்பக்கம் திருப்பினால்தான் இறுகும்; கையேட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள். பிளேடு வளைந்திருந்தால் சுத்தியலால் தட்டி நிமிர்த்தாதீர்கள். கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழுந்திருக்கும். மாற்றுங்கள். சாணை பிடித்துவந்த பிறகு அதிர்கிறது என்றால் ஒரு பக்கம் அதிகம் தேய்த்துவிட்டார்கள். சுவரில் ஒரு ஆணி அடித்து, பிளேடின் நடு ஓட்டையை அதில் மாட்டுங்கள். எந்தப் பக்கம் தாழ்கிறதோ அந்தப் பக்கத்தை அரத்தால் இன்னும் கொஞ்சம் தேய்த்துச் சமமாக்குங்கள்.

பிளேடு நன்றாக இருந்தும் அதிர்ந்தால் மோட்டார் தண்டு வளைந்திருக்கிறது. கல்லில் மோதிய மிஷினில் வருவது இது. தண்டை நிமிர்த்தித் தருகிறேன் என்று யார் சொன்னாலும் கொடுக்காதீர்கள்.

## கருகல் வாசனை, தீப்பொறி

புது கார்பன் மாற்றிய முதல் சில நிமிடங்கள் லேசான நீலப் பொறியும் வாசனையும் இருக்கும், அது அடங்கிவிடும். ஆரஞ்சு நிறத்தில் வட்டமாகச் சுற்றும் பொறி என்றால் நிறுத்துங்கள், ஆர்மேச்சர் (மோட்டாருக்குள் சுற்றும் பாகம்) போகப்போகிறது. இந்தக் கட்டத்திலேயே கொண்டுவந்தால் கடைசல் பிடித்துக் காப்பாற்றலாம். இன்னும் இரண்டு நாள் ஓட்டிவிட்டு வந்தால் முடியாது. வாசனை மிஷினில் இல்லாமல் சாக்கெட்டில் வந்தால் மெயினை அணைத்து எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

## வெட்டும்போது வயரே வெட்டுப்பட்டுவிட்டது

வயரைத் தொடாதீர்கள், மிஷினையும் தூக்காதீர்கள். நேராகப் போய்ச் சுவரில் பிளக்கைப் பிடுங்குங்கள். ஆர்சிசிபி விழுந்திருந்தாலும் பிடுங்குங்கள்.

வெட்டுப்பட்டது ஒரு முனைக்கு அருகில் என்றால் அந்தத் துண்டை ஒதுக்கிவிட்டு, புதுச் சாக்கெட் மாட்டி, குட்டை வயராக வைத்துக்கொள்ளலாம். நடுவில் என்றால் வயரை மாற்றுங்கள். முறுக்கி டேப் சுற்றிய வயர் புல்வெளிக்கு ஆகாது என்று ஷாக் பகுதியிலேயே சொல்லிவிட்டேன்.

இது திரும்ப நடக்காமல் இருக்க, சாக்கெட் இருக்கும் பக்கத்திலிருந்து வெட்டத் தொடங்குங்கள். குறுக்கும் நெடுக்குமாக வெட்டிக்கொண்டே சாக்கெட்டை விட்டு விலகிப் போக வேண்டும். அப்போது வயர் எப்போதும் வெட்டி முடித்த பக்கமே கிடக்கும். வயரைத் தோளில் போட்டுக்கொள்ளுங்கள். பச்சை வயர் புல்லில் தெரியாது. ஆரஞ்சோ மஞ்சளோ வாங்குங்கள்.

## டிரிம்மரில் கயிறு அறுந்துகொண்டே இருக்கிறது

டிரிம்மர் என்பது பிளேடுக்குப் பதில் நைலான் கயிறு சுழன்று புல்லை வெட்டும் மிஷின். வெயிலில் காய்ந்த நைலான் முறுகிப்போய்விடும். சுருளை ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்தால் மறுபடி வளையும். சுவர், காம்பவுண்டுக் கல் ஓரத்தில் கயிற்றின் நுனி மட்டும் படும்படி பிடியுங்கள். அறுகிறதே என்று கம்பியோ சைக்கிள் பிரேக் வயரோ மாட்டுவது கொலைக்கருவியைக் கையில் வைத்திருப்பதற்குச் சமம். அறுந்த கம்பித் துண்டு உடம்பைத் துளைத்துப் போகும். மிஷினுக்குச் சொன்ன தடிமனை விடப் பெரிய கயிறு போட்டாலும் மோட்டார் சூடாகும்.

டிரிம்மர் எடுத்தால் கண்ணாடி, மூடிய காலணி, முழுக்கால் சட்டை. வேட்டியும் துப்பட்டாவும் வேண்டாம். 15 மீட்டருக்குள் குழந்தைகளோ மாடோ இருக்கக் கூடாது.

## பேட்டரி மிஷின் சார்ஜ் ஏறவில்லை

கத்திரி வெயிலில் வெட்டி முடித்த சூட்டோடு சார்ஜரில் வைத்தால் ஏறாது. 40 டிகிரிக்கு மேல் சூடாக இருந்தால் பெரும்பாலான சார்ஜர்கள் மறுத்துவிடும். நிழலில் ஒரு மணி நேரம் ஆறவிட்டு வையுங்கள். பிரிட்ஜில் வைத்து ஆற்றாதீர்கள். ஆறிய பிறகும் ஏறவில்லை என்றால் முனைகளைக் காய்ந்த துணியால் துடையுங்கள். அதற்கும் மசியாவிட்டால் வேறொரு பேட்டரியைச் சார்ஜரில் வைத்துப் பாருங்கள்; கோளாறு பேட்டரியிலா சார்ஜரிலா என்று தெரிந்துவிடும். வீங்கியிருந்தாலோ, கீழே விழுந்து விரிசல் விட்டிருந்தாலோ சார்ஜ் போடவே கூடாது. செல் மாற்றித் தருகிறேன் என்பவர்களிடமும் கொடுக்க வேண்டாம். கம்பெனி பேட்டரியே வாங்குங்கள்.

## வெள்ளத்தில் மூழ்கிவிட்டது

2024 நவம்பர் 30 இரவு ஃபெங்கல் புயல் கரையைக் கடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. அடுத்த இரண்டு நாளில் சாத்தனூர் அணை திறந்து தென்பெண்ணை வெள்ளம் கடலூருக்குள் வந்தது. அந்த டிசம்பர் முழுக்க என் பட்டறையில் வெள்ளத்தில் ஊறிய மோட்டார்கள்தான். அவற்றில் நான் காப்பாற்ற முடியாமல் போனவை, வெள்ளம் வடிந்ததும் வீட்டுக்காரர் ஒருமுறை ஓட்டிப் பார்த்தவை. ஒரு நொடி ஓட்டினாலே போதும், ஈரக் காயில் ஷார்ட் ஆகிவிடும்.

ஆகவே ஓட்டிப் பார்க்காதீர்கள். வெயிலில் வைத்து மேலே காய்ந்ததைப் பார்த்து ஏமாறவும் வேண்டாம், சேறும் உப்பும் உள்ளே இருக்கும். எத்தனை நாள் தண்ணீரில் கிடந்தது, ஆற்றுத் தண்ணீரா கடல் ஏறிய தண்ணீரா என்று சொல்லி ஒப்படையுங்கள். நாங்கள் பிரித்து, நல்ல தண்ணீரில் கழுவி, சூட்டில் காயவைத்து, 500 வோல்ட் மெகரில் காப்பு ஏறியிருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் கரண்ட் கொடுப்போம். வெள்ளம் தொட்ட சாக்கெட்டும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸும் திருத்தக்கூடியவை அல்ல, மாற்றுங்கள்.

பேட்டரி மூழ்கியிருந்தால் அதை வீட்டுக்குள்ளேயே வைக்காதீர்கள். உப்புத் தண்ணீர் உள்ளே போன லித்தியம் பேட்டரி அன்றைக்கு ஒன்றும் செய்யாமல் இருந்துவிட்டு, சில நாள் கழித்துத் தானாகவே தீப்பிடிக்கலாம். வீட்டுச் சுவரை விட்டுத் தள்ளி, மேலே கீற்றோ துணியோ எதுவும் இல்லாத வெறுந்தரையில், ஒரு மண்சட்டியில் மணல் போட்டு அதன் மேல் வையுங்கள். வாங்கிய கடைக்கோ சர்வீஸ் சென்டருக்கோ போன் செய்து, வெள்ளத்தில் மூழ்கியது என்று முதலிலேயே சொல்லி, அவர்கள் சொல்கிறபடி ஒப்படையுங்கள். குப்பை வண்டியில் மட்டும் போட்டுவிடாதீர்கள். அதை அள்ளுகிறவர்களுக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது.